டிக்கியில் இரண்டு மூட்டை

அத்தியாயம் 4

“வேகமாத்தான் ஓட்டினான்னு எழுதிக் குடுங்கோ. அது போறும் எனக்கு.”

துப்பறிகிறவனைக் கூப்பிடுகிறவர்கள் வழக்கமாக என்ன நடந்தது என்று கேட்பார்கள். ரமா அனந்தராமன் நடந்தது இன்னதென்று தானே முடிவு கட்டிவிட்டு, அடியில் ஒரு கையெழுத்துக்காக மணிவாசகத்தைக் கூப்பிட்டிருந்தாள். மான்ட்ரியலின் அஹுன்ட்சிக் பகுதியில், நதிக்குப் பக்கத்தில் நல்ல வீடு. வாசலில் கொட்டிக் கிடந்த பனியைப் பத்து நாளாக யாரும் தள்ளவில்லை. தள்ளுகிற மனிதர் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது.

போனவர் டாக்டர் அனந்தராமன், இதய நிபுணர். காரை ஓட்டியவன் ஜம்புநாதன், ரமாவின் கூடப் பிறந்த தம்பி. கனடா வந்து எட்டு மாதம் ஆன எஞ்சினீயர். கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் இரண்டு பேரும், தமிழர்கள் பண்டிகை விருந்துக்காக வில்லரேயில் வாடகைக்கு எடுத்திருந்த சர்ச் ஹாலுக்குக் கிளம்பினார்கள். பனியில் ஓட்டக் கற்றுக்கொள் என்று டாக்டரே சாவியை மைத்துனன் கையில் கொடுத்தாராம். நதியோரச் சாலையின் வளைவில் காரின் பின்பக்கம் சுழன்றது. டாக்டர் உட்கார்ந்திருந்த பக்கமாக ஒரு மேப்பிள் மரத்தில் மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். ஜம்புநாதனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு கோர்ட். அஜாக்கிரதையாக ஓட்டி ஆளைக் கொன்ற குற்றம். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக வக்கீலிடம் சொல்லிவிட்டானாம். ஜெயில், அப்புறம் ஊருக்கு விமானம், இருபத்தெட்டு வயதில் வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி. ஆனால் அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான்.

“வேகமா ஓட்டலைன்னு தெரிஞ்சா?” என்று மணிவாசகம் கேட்டார்.

“வேற எப்படி வால் சுத்தும்? மூட்டை ரெண்டும் டிக்கியிலதான் இருந்தது. போலீஸே எழுதியிருக்கா.”

சொல்லிவிட்டு ஒரு காகிதத்தையும் ஒரு போட்டோவையும் மேஜைமேல் வைத்தாள். காரில் இருந்த சாமான்களின் பட்டியல் அது. அடியில் போலீஸ்காரர் கையெழுத்து, அதற்குக் கீழே ரமாவின் கையெழுத்து. அவள் கண் வறண்டு கிடந்தது. அழுகிற பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று மணிவாசகத்துக்குத் தெரியும். அழாதவர்களிடம்தான் அவருக்கு எப்போதும் தடுமாற்றம்.

சென்னைப் போலீஸில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவர் மணிவாசகம். மேலதிகாரி கேட்டபடி ஒரே ஒரு பொய் அறிக்கை எழுதிக் கொடுத்தார். ஒரு லாரி டிரைவர் ஏழு வருஷம் உள்ளே போனான். அதோடு அந்த உத்தியோகம் கசந்துபோய், இந்த ஐஸ்கட்டி ஊரில் வந்து விழுந்து வக்கீல்களுக்குத் துப்புத் துலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு வராது, பனியில் கார் ஓட்ட வராது. இரண்டும் வருகிற அனுசூயாவை உதவிக்கு வைத்திருந்தார். அவளுக்கு வாயும் வரும். அது சம்பளத்தில் சேராத உபரி.

“மூட்டைக் கதை என்ன?” என்றார், அவளுடைய பழைய காரில் ஏறி உட்கார்ந்ததும்.

“மான்ட்ரியல்ல இருந்துக்கிட்டு டாக்டரோட அரிசி மூட்டை தெரியாதா? நீங்க விருந்துக்கே போறதில்லை சார், அதான்.” அனுசூயா இரண்டாவது கியரிலேயே காரை மெல்லக் கிளப்பினாள். “டாக்டரோட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் முன்னாடி, இழுக்கிற சக்கரம் பின்னாடி. பின்பக்கம் காத்து மாதிரி லேசு. ஐஸ்ல சக்கரம் தரையைப் பிடிக்காது. நீங்க வளைவுல திரும்பறீங்க, வால் நேராப் போகுது. கொஞ்ச நேரத்துல வால் முன்னாடி வந்து உங்ககிட்டயே வழி கேக்கும்.”

“அதனால?”

“அதனால இந்த ஊர்க்காரங்க குளிர்காலத்துல டிக்கியில மணல் மூட்டை போடுவாங்க. டாக்டர் அரிசி மூட்டை போட்டார். ஐம்பது பவுண்டு, ரெண்டு. மணலை ஏப்ரல்ல குப்பையில கொட்டணும், அரிசியை வடிச்சுச் சாப்பிடலாம்னு கணக்கு. ஏப்ரல் வரைக்கும் அந்த மூட்டையை யாரும் தொடக்கூடாது, அது வீட்டுச் சட்டம். பார்க்கிற ஆள்கிட்டல்லாம் சொல்லிச் சிரிப்பார்.”

பட்டியலில் பிரெஞ்சில் இருந்ததை அவள் படித்துக் காட்டினாள். ஜாக்கி ஒன்று, பனி தள்ளும் சின்னக் கரண்டி ஒன்று, அரிசி மூட்டை இரண்டு. போலீஸின் தர்க்கம் இப்போது மணிவாசகத்துக்குப் புரிந்தது. பாரம் இருந்தது, ஆகவே வால் சுற்றியிருக்கக் கூடாது. சுற்றியது, ஆகவே வேகம். ஓட்டை இல்லாத தர்க்கம்தான். ஓட்டை இல்லாத தர்க்கத்தைக் கண்டாலே அவருக்கு அந்த லாரி டிரைவர் ஞாபகம் வந்துவிடும்.

போட்டோவைக் கண்ணருகில் பிடித்தார். விபத்து நடந்து அரைமணிக்குள் எடுத்தது. மரம், கார், திறந்துகொண்ட டிக்கி, சுற்றிலும் வெள்ளை. காருக்குப் பின்னால் பனிமேல் கறுப்பாகப் பதினைந்து இருபது புள்ளிகள்.

“இது என்ன, அழுக்கா?”

சிவப்பு விளக்கில் நின்றபோது அனுசூயா எட்டிப் பார்த்தாள். “குருவி சார். விபத்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.”

“மரத்துல ஒண்ணுகூட இல்லை. ரோட்டுல இல்லை. டிக்கிக்குக் கீழே மட்டும் இத்தனை குருவி எதுக்கு?”

“அரிசி கொட்டியிருக்கும்.”

“போலீஸ்காரன் கொட்டினதா எழுதலையே. பனியில அரிசி கொட்டினா காலுக்குக் கீழே நறநறன்னு தெரியாதா?”

விளக்கு மாறியதும் வண்டியை லாசால் பக்கம் திருப்பினாள். அடிபட்ட கார்களை இழுத்து வந்து போடுகிற யார்டு அங்கேதான் இருந்தது.

யார்டுக்காரனிடம் அனுசூயா ஒரு போன்ஜூர் போட்டு, எதையோ சொல்லிச் சிரிக்க வைத்து, கேட்டைத் திறக்க வைத்தாள். பனிக்குள் பாதி புதைந்து கிடந்தது அந்தச் சிவப்புக் கார். ரொம்ப அழகான கார். ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு இவ்வளவு அழகாக நிற்பது மணிவாசகத்துக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் பக்கத்துக் கதவு உள்ளே போயிருந்தது, ஆனால் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. இருக்கை பெல்ட் மாட்டாமல் சுருட்டி ஓரமாகச் செருகியிருந்தது. வேகமாகப் போய் மோதியிருந்தால் இந்தக் கதவு ஸ்டியரிங்கை விசாரித்துவிட்டு வந்திருக்கும் என்றாள் அனுசூயா. மெதுவாகத்தான் மோதியிருக்கிறது. பெல்ட் போடாத தலை மரத்தில் பட்டதுதான் கேடு.

டிக்கியில் இரண்டு சாக்கு மூட்டைகள் சமர்த்தாகக் கிடந்தன. சாக்கின்மேல் பெரிய எழுத்தில் அரிசி என்று பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. மணிவாசகம் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, இடுப்பைத் தயார்படுத்திக்கொண்டு, ஐம்பது பவுண்டுக்கு வேண்டிய தம் பிடித்து முதல் மூட்டையைத் தூக்கினார்.

மூட்டை அவர் முகத்துக்கே எழும்பி வந்தது. அவர் மல்லாந்து பனியில் விழுந்தார்.

“சார், மூட்டையை நீங்க தூக்கணும். அது உங்களைத் தூக்கக்கூடாது.”

மணிவாசகம் எழுந்திருக்காமலே சாக்கின் கிழிசலில் கையை விட்டார். உள்ளே வெள்ளையாக, மெத்தென்று, எடையே இல்லாமல் இருந்தது. இந்த ஊரில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற பொரி. நாற்பது ஐம்பது அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். இரண்டு மூட்டையும் சேர்த்து ஒரு குழந்தை தூக்கிவிடும். பனியில் கொட்டினால் வெள்ளையோடு வெள்ளை, காலுக்கும் தெரியாது. குருவிக்கு மட்டும் தெரியும். போலீஸ்காரன் சாக்கின் மேலிருந்ததைப் படித்தான், எழுதிக்கொண்டு போய்விட்டான்.

“யாரோ மாத்தியிருக்காங்க” என்றார் மணிவாசகம்.

“கொலைன்னா, பொரி உருண்டை பிடிக்கத் தெரிஞ்ச கொலைகாரன். மான்ட்ரியல்ல அப்படி நாற்பது வீடு இருக்கும்.” சொன்ன பிறகு அவளுக்கே அந்த நகைச்சுவை ருசிக்கவில்லை போலிருக்கிறது. குனிந்து அவர் முதுகில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

ஐம்பது பவுண்டு அரிசி மூட்டை இரண்டு காற்றில் கரைந்துவிடாது. எங்கேயோ போயிருக்க வேண்டும். அவ்வளவு அரிசி ஒரே நாளில் தேவைப்படுகிற இடம் எது என்று யோசித்தால் விடை ஒன்றுதான். கார்த்திகையன்று ஹால் சமையலை ஏற்று நடத்திய பத்மா மாமியின் வீடு வில்லரேயில் இருந்தது. இரண்டு பேரும் அங்கே போனார்கள்.

பத்மா காபி கொடுத்தாள், உட்கார வைத்தாள், கேட்காததையெல்லாம் சொன்னாள். அறுபது பேர் என்று கணக்குப் போட்டாளாம். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டெலிபோன் அடித்து அடித்து நூற்றுப்பத்து ஆகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை, இந்திய சாமான் விற்கிற ஒரே கடையும் பூட்டியிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஒரே ஒருத்திதான் கைகொடுத்தாளாம்.

“ரமா தங்கமானவ. ஆத்துல ரெண்டு மூட்டை இருக்கு மாமி, வேண்டியதை எடுத்துக்கோங்கோன்னு காலம்பற என் ஸ்டேஷன் வேகன்ல ஏத்திட்டா. அவளும் என்னோடயே வந்துட்டா. பழைய அரிசிச் சாக்குல ரொப்பியிருந்த பொரி மூட்டை ரெண்டும் வேகன்ல மிதிபட்டு நொறுங்கிப்போகும்னு, அதை மட்டும் அவா கார்லயே வெச்சுட்டா. பின்னாடி எடுத்துண்டு வருவான்னா.”

மணிவாசகத்தின் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. அனுசூயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்தச் சாதத்தை அன்னிக்கு ஒருத்தரும் தொடலை” என்றாள் பத்மா. “சேதி வந்தது, எல்லாரும் எழுந்து ஓடினா. நூறு பேருக்கு வடிச்ச சாதம். அப்படியே கொண்டுபோய்க் கொட்டினோம்.”

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ஜம்புநாதன் கால் முழுக்க மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலையில் சக்கர நாற்காலியில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மணிவாசகம் தன் பெயரைச் சொன்னபோது திரும்பவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்துப் போர்வைமேல் வைத்தபோது திரும்பினான்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினான். கிளம்புவதற்கு முன் அத்திம்பேர் வழக்கம்போல டிக்கியைத் திறந்து பார்த்தாராம். மூட்டை இரண்டும் இருக்கிறது, எடு வண்டியை என்றாராம். ஒரு மாதமாக ஓட்டிய அதே வளைவு, அதே இருபது மைல் வேகம். பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்த மாதிரி போயிற்று. அத்திம்பேர் சொல்லிக்கொடுத்தபடி வழுக்குகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினான். அப்போதும் நிற்கவில்லை. கால் மாட்டிக்கொண்டு கிடந்தபோது பக்கவாட்டுக் கண்ணாடியில் குருவிகள் வந்து கொத்துவது தெரிந்தது. அக்கா முதல் நாள் ராத்திரி அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

“அக்காவுக்குத் தெரியக்கூடாது சார்” என்றான். “நான் ஜெயிலுக்குப் போனா என்னிக்காவது வெளியில வந்துடுவேன். அவ இதைத் தெரிஞ்சுண்டா அதுலேர்ந்து வெளியில வரவே மாட்டா. அதான் அவகிட்ட பேசலை. பேசினா வாயில வந்துடும்.”

மணிவாசகம் ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் வந்ததே பெரிய பாரமாக இருந்தது. காரில் ஏறியதும் அனுசூயாதான் ஆரம்பித்தாள். இதைப் போய் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றாள். புருஷனைக் கொன்றது தம்பி இல்லை, நீ எடுத்துக்கொடுத்த அரிசி என்று சொல்ல எந்தப் பாவிக்கு நாக்கு வரும் என்றாள். சொல்லாமல் விட்டால் ஒரு அப்பாவிப் பையன் நாளைக்கு உள்ளே போகிறான் என்றாள். இரண்டு பக்கமும் அவளே வாதாடினாள், சிரிப்பு மட்டும் வரவில்லை.

மணிவாசகத்தின் காதில் எதுவும் விழவில்லை. மடியிலிருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கி ஒன்று, கரண்டி ஒன்று, அரிசி மூட்டை இரண்டு. கீழே போலீஸ்காரர், அதற்குக் கீழே ரமா. அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“அனுசூயா, அந்தம்மாவுக்கு நாம சொல்ல வேண்டியதே இல்லை.”

“மறைக்கப் போறீங்களா?”

“இல்லை. வண்டியை அஹுன்ட்சிக்குக்கு விடு.”

ரமா கதவைத் திறந்ததும் எழுதியாயிற்றா என்றுதான் கேட்டாள். மணிவாசகம் உட்காரவில்லை. பட்டியலை அவள் முன்னால் பிரித்துப் பிடித்தார்.

“இதை உங்களுக்கு யாராவது படிச்சுக் காட்டினாங்களா?”

“போலீஸ்காரர். மறுநாள் வந்து ஒவ்வொண்ணா இங்கிலீஷ்ல படிச்சார்.”

“ரெண்டு மூட்டை அரிசின்னு படிச்சார். நீங்க கையெழுத்துப் போட்டீங்க. உங்க அரிசி முதல் நாளே வில்லரேக்குப் போயாச்சு. டிக்கியில இருந்தது பொரின்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். ஏன்மா திருத்தலை?”

ரமா சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பனி அள்ளுகிற லாரியின் சங்கு ஊதிற்று. நிறுத்தியிருக்கிற கார்களை எடுக்கச் சொல்லி ஊதுகிற சங்கு. அது ஓய்ந்ததும் ரமா சொல்ல ஆரம்பித்தாள்.

“ஹால்ல சேதி சொன்னாளே, வால் சுத்திடுத்துன்னு. அந்த நிமிஷமே தெரியும் எனக்கு” என்றாள். “அவர் ஹாலுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு நாள்தானே, நாலு மைல்தானேன்னு. போலீஸ்காரர் அரிசின்னு படிச்சப்போ, ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். அரிசின்னா அவன்மேல தப்பு. வேற யார்மேலயும் இல்லை.”

“உங்க தம்பி ஜெயிலுக்குப் போவார்னு தெரியாதா?”

“தெரியும்.” அவள் குரல் உடையவில்லை. அதுதான் மணிவாசகத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது. “அவன் வேகமாப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் சார். பேசவே மாட்டேங்கறான். அதான் உங்களைக் கூப்பிட்டேன். வெளி மனுஷர் ஒருத்தர் எழுதிக் குடுத்தா, காலப்போக்குல அதுவே நெஜமாயிடாதா?”

ஆகும் என்று மணிவாசகத்துக்குத் தெரியும். ஒரு டிரைவரின் விஷயத்தில் ஆகியிருக்கிறது. இங்கே அது நடக்காது என்று மட்டும் சொன்னார்.

“அவனுக்குத் தெரியுமா, பொரின்னு?”

“குருவி கொத்தறதைப் பார்த்திருக்கார். பத்து நாளா உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்கார். உங்களைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டிருக்கார்.”

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பத்து நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். அனுசூயா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மணிவாசகம் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான்.

எழுதி முடித்தபோது அழுகை நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டுமா என்று அனுசூயா கேட்டாள்.

“வேண்டாம். கோர்ட்டுல சொல்றேன். அங்க நீதிபதியைப் பார்த்துப் பேசலாம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவன் என்னை எப்பவோ மன்னிச்சாச்சு. நான் அவனை ஜெயிலுக்கு அனுப்பிச்சுட்டுத் தூங்கலாம்னு பார்த்தேன். எந்த மூஞ்சியோட போய் அவன் எதிர்ல நிக்கறது?”

மணிவாசகம் காகிதத்தை நீட்டினார். முதலில் தமிழில் எழுதியிருந்தார், இங்கிலீஷில் பிறகு அனுசூயா அடித்துக்கொள்வாள். நான்கே வரிதான். டிக்கியிலிருந்த இரண்டு அரிசி மூட்டைகளையும் நான் தெரியாமல் எடுத்துவிட்டேன், இது என் கணவருக்கும் தம்பிக்கும் தெரியாது, என் தம்பி மெதுவாகத்தான் ஓட்டினான் என்று போனது அது. இருபது வருஷத் தொழிலில் ஒரு வார்த்தையை இரக்கத்துக்காகப் போட்டது இதுதான் முதல் தடவை.

ரமா இரண்டு தடவை படித்தாள். பேனாவை வாங்கி ‘தெரியாமல்’ என்பதை அழுத்தமாக அடித்தாள். அதற்குமேல் ‘சொல்லாமல்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.